கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

(பள்ளிக்கரணையில் பொறியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் அக்கம்பக்கத்துப் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேளச்சேரியில் பஸ் ஏறித்தான் இங்கே வந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பேர் உட்காரும் இருக்கை. விஜயநகரில் ஒருவர் ஏறினார். தோளில் குழந்தை, கையில் கட்டைப்பை. ஏற்கெனவே இரண்டு பேர் இருந்த இடத்தைப் பார்த்து, "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். நகர்ந்தேன். கைவேலி வருவதற்குள் என் இடது தோள் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. இங்கே இறங்கியபோது முழு ஆளாகத்தான் இறங்கினேனா என்று எனக்கே சந்தேகம்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாக்கியத்தின்மேல்தான் யோசனை ஓடியது. "அட்ஜஸ்ட்" இங்கிலீஷ் சொல்தான். ஆனால் நாம் அதற்குக் கொடுத்திருக்கும் அர்த்தம் இங்கிலீஷ்காரனுக்கே தெரியாது. கல்யாணப் பந்தியில் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, வாடகை வீட்டில் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, ஹாஸ்டல் சாப்பாட்டில் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, புகுந்த வீட்டில் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. எங்கும் ஆள்தான் வளையவேண்டும். பெஞ்சு வளையாது, படிக்கட்டு வளையாது, நாற்காலி வளையாது.

பொறியாளனின் அகராதியில் இந்தச் சொல்லுக்கு நேர்மாறான பொருள். அவனுக்கு அட்ஜஸ்ட்மென்ட் என்றால் ஒரு திருகு, ஒரு கைப்பிடி, ஒரு துளை வரிசை. அது பொருளில் இருக்கவேண்டியது. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இதே பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது, 1998இல் தொடங்கப்பட்டது. பெரிய காற்றாலை ஒன்றைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்திருக்கிறீர்களா? காற்று திசை மாறினால் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் தலைப்பகுதி மெதுவாக அந்தப் பக்கம் திரும்பும். வேகம் கூடினால் இறக்கைகள் தம் அச்சில் திருகிக்கொண்டு காற்றுக்கு வழிவிடும். காற்றைப் பார்த்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று எந்தப் பொறியாளனும் சொல்வதில்லை. சொன்னாலும் அது கேட்காது. மனித முதுகு பாவம், சொன்னால் கேட்டுக்கொள்ளும். இருபது வருஷம் கேட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் ஒருநாள் காலையில் எழுந்திருக்காது.

காற்றுக்குக் கொடுக்கும் மரியாதையை முதுகுக்கும் கொடுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் உதாரணங்கள்.

பொருளை ஆளுக்கு ஏற்ப வடிவமைக்கும் இந்தத் துறைக்குத் தமிழில் பணிச்சூழலியல் என்று பெயர். உலகம் எர்கோனாமிக்ஸ் என்கிறது. 1857இல் போலந்து அறிஞர் யாஸ்ட்ரெம்போவ்ஸ்கி, வேலை, விதி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து இந்தப் பெயரை உண்டாக்கினார். இங்கிலாந்தில் இதற்கென ஆய்வுச் சங்கம் வந்தது 1949இல். பெயர் போலந்திலிருந்து வந்தது சரி, விஷயம் நமக்குப் புதிதா? தென்மாவட்டச் சாலைகளில் போனவர்கள் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டுக்குத்தாக நிற்கும், மேலே குறுக்காக ஒரு கல் கிடக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது அந்தக்கால வழக்கம்.

அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமைக்காரருக்குக் கஷ்டமான இடம் நடை இல்லை, ஏற்றுவதும் இறக்குவதும்தான். தரையிலிருக்கும் மூட்டையைத் தலைக்குக் கொண்டுவர இன்னொரு ஆள் வேண்டும். ஆளில்லாத சாலையில் இறக்கிவிட்டால் மறுபடி ஏற்ற முடியாது. அதனாலேயே இறக்காமல் நடந்து மாய்வார்கள். சுமைதாங்கி இருந்தால் மூட்டையைத் தூக்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். தலை மட்டத்திலிருந்து கல் மட்டத்துக்குத் தள்ளினால் போதும். இளைப்பாறிய பிறகு கொஞ்சம் முழங்காலை மடக்கித் தலையைக் கொடுத்தால் மூட்டை ஏறிக்கொள்ளும். மூன்று கல், ஒரே ஒரு சரியான உயரம். செய்தவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, சுமந்தவரைப் பார்த்திருக்கிறார். தலைக்கும் குடத்துக்கும் நடுவே வைக்கும் சும்மாடும் அதே ஜாதிக் கண்டுபிடிப்புதான். உருண்டைத் தலையில் ஒரு புள்ளியில் இறங்கும் பாரத்தை வட்டமாகப் பரப்பிவிடுகிறது. செலவு, ஒரு பழந்துணி.

இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு வருகிறேன்.

முன்வரிசை மாணவிகள் ஒன்று செய்யுங்கள். முதுகைச் சாய்மானத்தில் ஒட்டி, நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். குதிகால் தரையில் படுகிறதா? நாலைந்து பேர் சிரிக்கிறீர்கள், அப்படியானால் படவில்லை. கடைகளில் விற்கும் நாற்காலிகள் பெரும்பாலும் 45 செ.மீ. உயரத்தை ஒட்டியே இருக்கும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்குத் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை, செருப்போடு சேர்த்து, ஏறக்குறைய 40 செ.மீ.தான் வரும். அந்த ஐந்து செ.மீ.க்குக் கால் தொங்குகிறது. தொங்கும் காலின் எடையை இருக்கையின் முன்விளிம்பு தாங்குகிறது. தொடையின் அடிப்பக்கம் அழுந்துகிறது. அரை மணியில் கால் மரத்துப்போகிறது. என்ன செய்கிறீர்கள்? முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்காருகிறீர்கள். கால் தரையைத் தொட்டுவிட்டது, ஆனால் முதுகுக்குச் சாய்மானம் போய்விட்டது. முதுகு கூன் போடுகிறது. பேராசிரியர் பார்த்துவிட்டு, "நிமிர்ந்து உட்காரும்மா" என்கிறார். குற்றம் நாற்காலியுடையது, திட்டு வாங்குவது நீங்கள்.

பையன்களுக்கு வேறு அவஸ்தை. ஆறடிக்காரனுக்கு இதே நாற்காலி குட்டை. முழங்கால் மேலே ஏறுகிறது, இடுப்பு பின்னால் சுருள்கிறது. அதனால்தான் கடைசி பெஞ்சில் இருப்பவன் காலை நடைபாதையில் நீட்டிக்கொள்கிறான். அதை ஒழுங்கீனம் என்று எழுதிவைக்கிறோம். கொஞ்சம் அளந்து பார்த்திருந்தால் அது வடிவகணிதம் என்று தெரிந்திருக்கும்.

இடதுகைக்காரர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். நல்லது. உலகம் முழுக்கச் சேர்த்து எண்ணினால் ஏறக்குறைய பத்துக்கு ஒருவர் இருப்பார். உங்கள் நாற்காலியில் எழுதும் பலகை எந்தப் பக்கம் இருக்கிறது? நான் படித்த கல்லூரியில் என் அறைத்தோழன் இடதுகைக்காரன். மூன்று மணி நேரப் பரீட்சையில் வலதுபக்கப் பலகைக்கு இடது கையைக் கொண்டுபோக, இடுப்பைத் திருகிக்கொண்டு எழுதுவான். அவன் விடைத்தாளைப் பக்கத்துப் பையனுக்குக் காட்டுவதாகச் சந்தேகப்பட்டு மேற்பார்வையாளர் ஒருமுறை எழுப்பிவிட்டார். நான்கு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணினான். இடப்பக்கம் பலகை வைத்த நாற்காலி வகுப்புக்கு ஐந்து போட்டால் முடிந்திருக்கும் கதை.

நிர்வாகத்தைக் கேட்டால், "சராசரி அளவு பார்த்துத்தான் சார் வாங்கினோம்" என்பார்கள். அந்தச் சராசரி ஆள் யார்? அவரைத் தேடிப் போன கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்க விமானப்படையில் விமானங்கள் காரணம் தெரியாமல் விபத்துக்குள்ளாயின. விமானியின் இருக்கையறை பழைய சராசரி அளவில் இருக்கிறது, ஆட்கள் வளர்ந்துவிட்டார்கள் போல என்று எண்ணி, 1950இல் 4063 விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி ஒரு சந்தேகம் கேட்டார்: உயரம், மார்பளவு, கை நீளம் என்று பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தார். 4063 பேரில் ஒருவர்கூட இல்லை. கை நீண்டவனுக்குக் கால் குட்டை, கால் நீண்டவனுக்கு மார்பு ஒடுக்கம். சராசரிக்கென்று செய்த இருக்கை யாருக்கும் பொருந்தாத இருக்கை. அதன்பிறகு, முன்பின் நகரும் இருக்கை, நகர்த்தி வைக்கக்கூடிய பெடல், இழுத்துக் கட்டும் பட்டை எல்லாம் வேண்டும் என்று விமானப்படை வற்புறுத்தியது. இன்று உங்கள் வீட்டுக் கார் சீட்டுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இன்னொன்று. லேத்தில் நின்று வேலை பார்த்து முதுகு வலித்தது உண்டா? இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டில் சிலர் ஒரு லேத்தின் கைப்பிடிகளையெல்லாம் அளந்து, இதை வசதியாக ஓட்டக்கூடிய ஆள் எப்படி இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். வந்த விடை: உயரம் நாலரை அடி, விரித்த கையின் அகலம் எட்டடி! படம் வேறு வரைந்து வைத்தார்கள். அந்த மனிதரை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. கிண்டியிலும் அம்பத்தூரிலும் அவருக்கான இயந்திரங்களைத்தான் நம்மவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டு உடம்புகளின் அளவுகளைத் திரட்டி அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு டெண்டர் போடும் அலுவலகத்துக்கு என் கும்பிடு.

உடம்பைச் சொன்னேன், கண்ணுக்கும் மூளைக்கும் இதே நியாயம்தான். வகுப்பறையில் ஃபேன் போட எழுந்தால் எட்டு சுவிட்ச் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தட்டினால் லைட் அணையும், அடுத்ததைத் தட்டினால் வேறு மூலையில் ஃபேன் நிற்கும், வகுப்பே "ஏய்" என்று கத்தும். மூன்றாம் வருஷத்திலும் எந்த சுவிட்ச் எதற்கு என்று தெரியாது. உங்களுக்கு ஞாபகசக்தி இல்லாமல் இல்லை. கூரையில் ஃபேன்கள் எந்த வரிசையில் தொங்குகின்றனவோ அதே வரிசையில் பலகையில் சுவிட்சுகள் இல்லை, அவ்வளவே. இதே குழப்பம் 1943இல் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் உயிரை வாங்கியது. சக்கரத்தை மடக்கும் பிடியும் இறக்கை மடிப்பை இயக்கும் பிடியும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன. தரையிறங்கியபின் விமானி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இழுத்துச் சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானியின் கவனக்குறைவு என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் ஒரு பிடியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் ஒட்டச் சொன்னார். கை தடவியதுமே தெரிந்துவிடும். தவறு நின்றுபோயிற்று.

விரல்களுக்கு வருவோம். இதில் தமிழர்கள் பெருமைப்பட இடமுண்டு. யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, 247 எழுத்துகளை ஒரு தட்டச்சு இயந்திரத்துக்குள் அடக்குவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டார். 247 விசை வைத்தால் விரல் எங்கே போகும்? எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். சில குறிகளை அடித்தால் தாள் நகராமல் இருக்கும். அடுத்த விசையும் அதே இடத்தில் விழுந்து எழுத்து முழுமையாகும். ஜெர்மனியில் அந்த இயந்திரம் செய்யப்பட்டு வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. அதில் உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. அதிகம் புழங்கும் எழுத்துகள் விரல் ஓய்வாக இருக்கும் நடுவரிசையில். "அம்மா" அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இவ்வளவு அருமையாகத் தமிழ் விரலுக்கென்றே தைத்த சட்டை கையில் இருக்க, நம் பிள்ளைகள் தங்கிலீஷில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பில் யாரும் இதைக் காட்டித்தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தோளுக்கும் ஒரு வரலாறு உண்டு. புரசைவாக்கத்தில் வளர்ந்த ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989இல் பேச எழுந்தார். பெரிய எழுத்தாளர், இலக்கியம் பேசுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் பேசியது பள்ளிக் குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றி. அந்தப் பேச்சு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாகத்தான் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, 1993இல் அறிக்கை தந்தது. 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. முப்பது கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோ. கல்லூரிக்காரர்களுக்கு இந்தக் கொள்கை கிடையாது. லேப்டாப், சார்ஜர், தண்ணீர் பாட்டில், ரெக்கார்டு நோட்டு எல்லாவற்றையும் ஒரே தோளில் மாட்டி, ஒருபக்கமாகச் சரிந்து நடப்பதை ஸ்டைல் என்கிறீர்கள். இரண்டு பட்டையையும் மாட்டுங்கள். ஸ்டைல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கழுத்துக்கும் ஒரு கதை உண்டு. 2025 ஜூலையில் வகுப்பறைகளில் இருக்கைகளை "ப" வடிவில் போடலாம் என்று தமிழகப் பள்ளிக்கல்வித் துறை சொல்லி, பெரிய விவாதமாகி, பிறகு நிறுத்திவைத்தார்கள். ஒரு மலையாளப் படத்தைப் பார்த்து வந்த யோசனை. கடைசி பெஞ்சே இல்லாத வகுப்பு என்ற நோக்கம் உயர்ந்தது. ஆனால் இரண்டு பக்கச் சிறகில் இருக்கும் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக் கரும்பலகையைப் பார்க்கவேண்டும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். சமத்துவத்தை யோசித்தவர்கள் கழுத்தை அளக்க மறந்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து யோசிப்பவர்தான் பொறியாளர்.

இதுவரை உட்கார்ந்திருப்பவர்களின் கஷ்டம். இனி உட்காரவே இடமில்லாதவர்களைப் பற்றி.

இந்த மண்டபத்தை இன்று மத்தியானம் ஒரு அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். நான் சீக்கிரமே வந்துவிட்டதால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் முழங்கை நீளத் தென்னந்துடைப்பம். இடுப்பிலிருந்து மேல் உடம்பு தரைக்கு இணையாகக் குனிந்திருந்தது. ஒரு வரிசை முடிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், இடுப்பில் கையை வைத்தார், மறுபடி குனிந்தார். நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நீங்கள் முதலாண்டில் படித்த நெம்புகோல் கணக்குதான்.

ஆள் 60 கிலோ என்று வையுங்கள். இடுப்புக்கு மேலே உள்ள எடை அதில் பாதிக்குமேல், சுமார் 35 கிலோ. குனியும்போது அந்த எடையின் மையம் இடுப்பு எலும்பு மூட்டுக்கு 25 செ.மீ. முன்னால் போகிறது. அதை விழாமல் பிடித்திருப்பது முதுகுத் தசை. அந்தத் தசை மூட்டுக்குப் பின்னால் வெறும் 5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 35ஐ 25ஆல் பெருக்கி 5ஆல் வகுங்கள். 175. கையில் துடைப்பத்தைத் தவிர ஒன்றுமில்லை, தசை இழுப்பது 175 கிலோ பாரத்தை. அந்த இழுப்பு முழுக்க முதுகுத்தண்டின் கடைசி வட்டுகளின்மேல் அமுங்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை அறைகள், எத்தனை வரிசைகள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

துடைப்பத்தின் அடியில் ஒரு நாலடிக் கம்பைச் செருகிக் கட்டினால் அவர் நின்றபடி பெருக்கலாம். முப்பது ரூபாய் சமாசாரம். "ஏன்மா, கம்பு கட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நீளத் தொடப்பத்தால பெருக்குனா மூலையில குப்ப வராதுன்னு சூப்பர்வைசர் சொல்வாரு சார்" என்றார். மூலையும் சுத்தமாகவேண்டும், முதுகும் வளையக்கூடாது. இந்தக் கல்லூரியில் இத்தனை இறுதியாண்டு புராஜெக்ட் நடக்கின்றனவே, இந்தக் கேள்வி அவற்றில் ஒன்றாக இருக்கிறதா? நான் ட்ரோனுக்கு எதிரியில்லை. ட்ரோன் பறக்கட்டும், அது பறக்கும் மைதானத்தைப் பெருக்குபவரும் நிமிரட்டும்.

குனிபவரைப் பார்த்தோம், இனி நிற்பவர். இந்த ஊரின் சதுப்புநிலத்துக்கு வலசை வரும் பூநாரைகளைப் பார்த்திருப்பீர்கள்.  பூநாரை மணிக்கணக்கில் ஒற்றைக்காலில் நிற்கும், அப்படியே தூங்கியும்விடும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் இதைச் சோதித்தார்கள். இறந்துபோன பூநாரையின் உடலை ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்த்தால் அதுவும் நின்றது! அதன் கால்மூட்டின் அமைப்பு அப்படி. நிற்க அதற்குத் தசை பலமே தேவையில்லை. மனிதக் கால் அப்படிப்பட்டதல்ல. அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளாது. ரத்தம் கீழே தேங்கும், பாதம் வீங்கும், வருஷக்கணக்கில் நின்றால் ரத்தக்குழாய் சுருண்டு புடைக்கும். ஆனால் தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் பெண்ணைப் பூநாரை என்றே நினைத்து வைத்திருந்தோம். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நிற்கவேண்டியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது என்றிருந்தது.

கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் "பெண்கூட்டு" என்ற அமைப்பில் திரண்டு இதற்காகப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டம் கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டப்பேரவையில் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டதே என்று வெட்கப்படலாம். சட்டமாவது வந்ததே என்று ஆறுதலும் படலாம். ஒரு ஸ்டூல் போட எந்தச் சட்டமும் தேவையில்லாத இடம் கல்லூரி. வாசலில் வெயிலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு நாற்காலி இருக்கிறதா, போகும்போது பாருங்கள்.

இந்தப் பக்கத்து மண்ணிலேயே படித்த ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். இங்கிருந்து மேடவாக்கம் வழியாகப் போனால் குரோம்பேட்டை. அங்கே சி. ராஜம் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் 1950களில் விமானப் பொறியியல் படித்தார் அப்துல் கலாம். பிற்காலத்தில் அவர் பணியாற்றிய ஹைதராபாத் ஏவுகணை ஆய்வகத்தில் அக்னி ஏவுகணைக்காக லேசான கார்பன் பொருள் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அந்த ஆய்வகத்துக்கு வந்தார். அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். இவ்வளவு லேசா என்று வியந்தார். கலாமைத் தன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். போலியோ பாதித்த குழந்தைகள் ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்புக் காலிப்பர்களைக் காலில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்றே வாரத்தில் கலாமின் குழு 300 கிராமில் காலிப்பர் செய்து கொண்டுபோய்ப் போட்டது. குழந்தைகள் எளிதாக நடமாடினார்கள்; பெற்றோர் அழுதார்கள். தன் வாழ்வின் பெரிய ஆனந்தங்களில் ஒன்றாக இதைக் கலாம் மேடைக்கு மேடை சொல்வார்.

மூன்று கிலோ காலிப்பரோடு அந்தக் குழந்தைகள் அத்தனை வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பொருள் பக்கத்து ஆய்வகத்தில் தயாராக இருந்தது. குறைவாக இருந்தது ஒன்றே ஒன்று: பொறியாளர் நேரில் போய் அந்தக் காலைப் பார்க்கவில்லை. பார்த்த மூன்றாவது வாரம் வேலை முடிந்துவிட்டது.

நம் மாநகரப் பேருந்தும் அப்படித்தான். 900 மில்லிமீட்டர் உயரத் தளத்துக்கு மூட்டுவலிப் பாட்டிகள் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்களால் ஏறவே முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் விடாமல் நீதிமன்றப் படி ஏறினார்கள்; 2024 ஆகஸ்டில் 400 மில்லிமீட்டர் தாழ்தளப் பேருந்துகள் சென்னைக்கு மறுபடி வந்தன. நிறுத்தத்தில் ஒருபக்கம் சாய்ந்து கொடுக்கும் வசதியும் அவற்றில் உண்டு. ஒரு பேருந்தே குனிந்து, "ஏறுங்கம்மா" என்கிறது. பேருந்து அட்ஜஸ்ட் பண்ணும்போது நாற்காலிக்கும் துடைப்பத்துக்கும் என்ன கௌரவக் குறைச்சல்?

மாணவர்களே, நாளைக்குக் காலையில் ஒரு அளவு டேப் வாங்குங்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். உங்கள் வகுப்பில் ஐம்பது பேரின் முழங்கால் மடிப்பு உயரத்தை அளந்து எழுதுங்கள். நாற்காலியின் உயரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். பெருக்கும் அம்மாவின் இடுப்பு உயரத்தையும் துடைப்பத்தின் நீளத்தையும் எழுதுங்கள். அளக்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள், எங்கே வலிக்கிறது என்றும் கேளுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுங்கள். மனு எழுதவேண்டாம், கோஷம் போடவேண்டாம். எண்ணுக்கு எண் பக்கத்தில் இருந்தால் போதும். அடுத்த முறை நாற்காலி வாங்கும்போது அந்தத் தாள் மேசையில் இருக்கவேண்டும்.

இவ்வளவு நேரம் பொருந்தாத நாற்காலியில் பொறுமையாக உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள்.